காலில் வலி, கையில் மாரத்தான் நம்பர்: ஓடலாமா, வேண்டாமா?

சென்னை மாரத்தான் ஜனவரி தொடக்கத்தில். ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில். இரண்டு ஊருக்கும் நடுவே ஈசிஆரில் இருக்கிறது கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம். இங்கிருந்து மாமல்லபுரம் வரை ஓடித் திரும்பினாலே அரை மாரத்தானின் 21.1 கி.மீ தாண்டிவிடும். விடியற்காலையில் ரிஃப்ளெக்டர் பட்டை மாட்டிக்கொண்டு, லாரிக்கு ஒதுங்கி ஓடுகிற ஐடி ஊழியரோ வங்கி ஊழியரோ இந்தக் கடற்கரைச் சாலையில் புதுசு இல்லை.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது? வானிலையில்.

போட்டிக்கு முந்தைய முக்கியமான இரண்டு மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். நவம்பரில் ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் புயல் எச்சரிக்கை, நடுவில் ஆபீஸ் டெட்லைன். நாலு நாள் ஓட்டம் போச்சு. மழை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்க ஒரே மூச்சில் 20 கி.மீ. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் ஓடிய அதிகபட்சம் 12 தான் என்றாலும்.

காயத்தை இழுத்துவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு ஞாயிறுதான். 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை 18 மாதங்கள் கவனித்த ஆய்வு ஒன்று, பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் 2025-ல் வந்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கூட்டினால் காயத்துக்கான வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. இரண்டு மடங்குக்கு மேல் போனால் ஆபத்தும் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது என்றது அது. 'வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டு' என்று ஓட்டக் குழுக்களில் சொல்லும் மந்திரத்துக்கு அந்தத் தரவில் அப்படிப்பட்ட ஆதரவு கிடைக்கவில்லை. வாரக் கணக்கைவிட அந்த ஒரு நாள் கணக்குதான் முக்கியம்.

உள்ளே என்ன நடக்கிறது? எலும்பும் உயிருள்ள திசுதான். ஓடும்போது ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடல் முதலில் சுரண்டி எடுக்கும், பிறகு புது எலும்பால் நிரப்பும். சுரண்டுவது வேகமாக நடக்கும்; நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில் மேலும் மேலும் அடி விழுந்தால் மயிரிழை விரிசல். இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறார்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடுவதால், 'இன்னும் ஓடலாம்' என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. எலும்புக்கு அந்த வேகம் கிடையாது.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் நீளவாக்கில் பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட். ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்கிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்: ஆரம்பக்கட்ட விரிசல் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்-ரே நார்மல்' என்பது ஓடலாம் என்ற அனுமதி இல்லை. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐதான் தெளிவு தரும்.

காலுக்கு முன்னாலேயே உடம்பு சொல்லியிருக்கவும் கூடும். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகம், அசதி இருந்தும் தூக்கம் வரவில்லை, சும்மாவே எரிச்சல், போன மாதம் சுலபமாக வந்த வேகம் இப்போது மூச்சு வாங்க வைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது இதில் மிக முக்கியமான அறிகுறி. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை, எலும்பு பலவீனமாகிறது என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம். 'ஓடினா அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமே?

பவுலா ராட்கிளிஃப் கதை இதற்குப் பதில். 2003 லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் முன்பு காலில் காயம். அதற்கு எடுத்த வலி, வீக்க மருந்துகள் வயிற்றைப் பாதித்தன. சுமார் 36-வது கி.மீட்டரில் ரோட்டோரமாக நின்று அழுத காட்சியை உலகமே பார்த்தது. அந்த அளவு மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தவருக்கே அந்த நிலை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரையோடு, கடலோரப் புழுக்கத்தில் வியர்வை கொட்ட ஓடுபவருக்குச் சிறுநீரகமும் கவலைதான். 80 கி.மீ ஓட்டக்காரர்களிடம் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், இபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினரிடமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினரிடமும் சிறுநீரக பாதிப்பின் அறிகுறி இருந்தது. தூரம் வேறு என்றாலும் திசை ஒன்றுதான்.

ராட்கிளிஃப் கதையில் பலர் மறந்துவிடுவது அடுத்த பகுதி: அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை அவர் வென்றார். நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 2021-ல் சுகாதார அமைச்சரான மா.சுப்பிரமணியன், 2004 சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயம் பட்டவர். பல வருடங்கள் கழித்து ஓடத் தொடங்கி நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார்.

இரண்டு வாரம் நின்றால் எல்லாம் போய்விடுமா என்றால், போகாது. நன்கு பயிற்சி பெற்றவர்கள் முழு ஓய்வில் இருந்தாலும் முதல் மூன்று வாரத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 7 சதவீதமே குறைவதாக 1984-லேயே ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. டாக்டர் அனுமதித்தால் நீச்சலும் சைக்கிளும் அதையும் ஓரளவு காப்பாற்றும். விரிசலோடு ஓடி அது முழு முறிவானால் ஆறு வாரத்தில் முடிய வேண்டியது ஆறு மாதம் ஆகலாம்.

ஆனால் பழியை ஓடுபவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. நம்ம ஊர்ப் போட்டிகள் பலவற்றில் கட்டிய பணம் திரும்ப வராது, பெயரை மாற்றவும் முடியாது. இரண்டாயிரம் ரூபாய் கட்டியவர் 'காசு போச்சே' என்றே நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நியூயார்க் மாரத்தானில் குறித்த காலத்துக்குள் விலகினால், சில விதிகளுக்கு உட்பட்டு அடுத்த ஆண்டுக்கான இடம் உறுதி. கட்டணத்தை மட்டும் மறுபடி கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கானோரைக் கூட்டும் இங்குள்ள அமைப்பாளர்களும் மருத்துவச் சான்றின் பேரில் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவதை விதியாக்க வேண்டும். ஆம்புலன்ஸ் நிறுத்துவதைவிட இது செலவு குறைவு.

அதுவரை, எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதியாகி, வலியின்றி வேகமாக நடக்க முடிகிறவர்களுக்கு, டாக்டர் ஓடலாம் என்றால், பிப்ரவரி ஆரோவில் இருக்கிறது. செம்மண் பாதை, 10 கி.மீ பிரிவும் உண்டு. அங்கே நேரத்தைக் கணக்கிட மாட்டார்கள், பரிசும் கிடையாது.