கையில் சரக்கில்லாக் கடை: கரூர் ஊராருக்கு லண்டனிலிருந்து ஒரு திறந்த மடல்



சரக்கை முன்கூட்டி வாங்கி வைக்காமல், ஆர்டர் வந்த பிறகு சப்ளையரிடம் சொல்லி, அவர் குடோனிலிருந்தே வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பச் செய்யும் வியாபாரத்துக்கு டிராப் ஷிப்பிங் என்று பெயர். கடைக்காரருக்குக் குடோன் வாடகை இல்லை, முதல் முடங்குவதும் இல்லை. ஆனால் பணம் வாங்குபவர் ஒருவர், பொருளைக் கட்டி அனுப்புபவர் இன்னொருவர். துண்டு சாயம் விட்டாலும் பார்சல் தாமதமானாலும் வாடிக்கையாளர் பிடிப்பது கடைக்காரரைத்தான். சட்டமும் அவரைத்தான் கேட்கும். பிரிட்டனில் இணையம் வழி வாங்கிய பொருளைக் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பழுதான பொருள் என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆகவே கடையின் தோற்றத்துக்கும் விளம்பரத்துக்கும் முன்னால் நேரம் செலவிட வேண்டியது சப்ளையரைத் தேடுவதில்.

கரூரின் கிச்சன் டவல், மேசை விரிப்பு, ஏப்ரன், குஷன் கவர் ஆகியவை இந்த வியாபாரத்துக்கு வெகு பொருத்தம். எடை குறைவு, உடையாது, கெட்டுப்போகாது. ஆனால் 'நாங்களே உற்பத்தியாளர்' என்று சொல்வோரில் மூன்று வகை உண்டு. சொந்தத் தறியோ தையல் யூனிட்டோ வைத்திருப்பவர் முதல் வகை. நூல் ஒரு இடம், நெசவு ஒரு இடம், தையல் இன்னொரு இடம் என்று ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கி ஒருங்கிணைப்பவர் இரண்டாம் வகை. இது குறை அல்ல, செக்கிங் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மூன்றாம் வகை, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் லாட் வாங்கி விற்பவர். இவரிடம் விலை மிகக் குறைவு, துணியும் பெரும்பாலும் தரமானது. டிராப் ஷிப்பிங்குக்கு மட்டும் ஆகாது. இன்று 400 பீஸ் இருக்கும். அது தீர்ந்தால் அதே ஷேடு, அதே அளவு மறுபடி வராது. கடையில் படம் இருக்கும், சரக்கு இருக்காது. வெளிநாட்டு நிறுவனத்தின் லேபிளோடு இருக்கும் சர்ப்ளஸை அனுமதியில்லாமல் விற்றால் வர்த்தக முத்திரை வழக்கும் சேர்ந்து வரலாம். எந்த வகை என்று அறிய ஒரு கேள்வி போதும்: 'இதே பீஸ், இதே ஷேடு, ஆறு மாதம் கழித்து 50 வேண்டும் என்றால் எத்தனை நாளாகும்?' தயாரிப்பவர் நூல், சாயம், தறி என்று கணக்குச் சொல்லுவார். லாட் வியாபாரி பேச்சை மாற்றுவார்.

மொத்த விற்பனைத் தளங்களில் பெயருக்குப் பக்கத்தில் வரும் முத்திரைகளை நம்பி முடிவெடுக்கக் கூடாது. பல முத்திரைகள் கட்டணம் கட்டிப் பெறுபவை. 2011இல் அலிபாபா தளத்திலேயே 2,300க்கு மேற்பட்ட 'கோல்டு சப்ளையர்' முத்திரை பெற்ற விற்பனையாளர்கள் மோசடியில் ஈடுபட்டது தெரிந்தது. நிறுவனத்தின் விற்பனை ஊழியர்கள் சிலரே அதற்கு உடந்தை. தலைமை அதிகாரி டேவிட் வேய் பதவி விலகினார். முத்திரை ஒரு அறிமுகம் மட்டுமே. சரிபார்க்கும் வேலை வாங்குபவருடையது.

அந்த வேலைக்கு இந்தியாவில் செலவே இல்லை. சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் யாரும் தட்டிப் பார்க்கலாம். எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். அடுத்த பத்தும் பான் எண். பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில் எடுத்தது, சட்டப்படியான பெயர் என்ன, உற்பத்தியா மொத்த வியாபாரமா என்பதெல்லாம் அங்கே தெரியும். இருபது ஆண்டு அனுபவம் என்பவரின் பதிவு சென்ற ஆண்டுதான் எடுத்தது என்றால் காரணம் கேட்க வேண்டும். பங்காளி பிரிந்தது, நிறுவனத்தின் பெயர் மாறியது போன்ற நியாயமான காரணமும் இருக்கலாம். வெளிநாட்டுக்கு விற்பவரிடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐ.இ.சி. எண்ணும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜி.எஸ்.டி. பெயர், பில்லில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். 'கணக்கில் சிக்கல், மச்சான் கணக்கில் போடுங்கள்' என்றால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்தது சாம்பிள். கேட்டு வாங்கும் சாம்பிள் பார்த்துப் பார்த்துக் கட்டியதாக இருக்கும். அது சப்ளையரின் சிறந்த பீஸைக் காட்டும், வழக்கமான பீஸைக் காட்டாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பெயரில், சாதாரண ஆர்டராகவே மூன்று முறை, சில வார இடைவெளியில் வாங்கிப் பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும். மூன்றிலும் ஷேடு ஒன்றா, பேக்கிங் ஒன்றா, எத்தனை நாளில் வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். துணியை வீட்டிலேயே சோதிக்கலாம். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் வெட்டி, நகைத் தராசில் நிறுத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. நூலைக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கருமணியாகக் கெட்டியாகும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் விடுகிறதா என்று தெரியும். மூன்று தரம் துவைத்தபின் 70 சென்டிமீட்டர் டவல் 66.5 ஆனால் ஐந்து சதவீதம் சுருங்கியிருக்கிறது என்று பொருள். இந்த எண்களைக் கடையின் பொருள் விவரத்திலேயே எழுதிவிட்டால் வரும் புகார் குறையும். பிரிட்டனில் விற்கும் துணியில் என்ன நார், எத்தனை சதவீதம் என்ற லேபிளும் கட்டாயம். அதைத் தைத்துத் தர மறுப்பவரோடு மேலே பேச ஒன்றுமில்லை.

கூரியர்க் கணக்கில் ஏமாறுவோர் அதிகம். விமானக் கூரியர்கள் நிறுத்த எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி வழக்கமாக 5,000ஆல் வகுத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கேட்கும். உள்ளே பஞ்சு வைத்த குஷன் 45, 45, 15 சென்டிமீட்டர் பெட்டியில் போனால் கணக்கு எடை ஆறு கிலோவைத் தாண்டும். கவரை மட்டும் விற்பவர் பிழைப்பார். இதைத் தானாகவே எடுத்துச் சொல்லும் சப்ளையர் நல்ல சப்ளையர்.

வரியிலும் சப்ளையரின் நேர்மை தெரியும். பிரிட்டனுக்குள் வரும் 135 பவுண்டுக்கு மேற்படாத பார்சல்களுக்கு, 2021 ஜனவரி 1 முதல், வாட் வரி எல்லையில் அல்லாமல் விற்பனையின்போதே வசூலிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்தப்பட்டது. பழைய கணக்கில் விலை போட்டவர்கள் திருத்த வேண்டும். 'கிஃப்ட் என்று எழுதி அனுப்பிவிடலாம், வரி வராது' என்று யோசனை சொல்பவரை ஒதுக்க வேண்டும். சுங்கத்திடம் பொய் சொல்பவர் கடைக்காரரிடம் மட்டும் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

திரும்பி வரும் சரக்கைப் பற்றித் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். ஒரு டவலைக் கரூருக்குத் திருப்பி அனுப்பும் செலவு டவலின் விலையைவிட அதிகம். திரும்பும் முகவரி விற்கும் நாட்டிலேயே இருப்பதும், பழுது யாரால் வந்தால் செலவை யார் தாங்குவது என்று எழுத்தில் இருப்பதும் அவசியம். அட்வான்ஸ் மொத்தமாகக் கொடுக்காமல், முதல் இரண்டு மாதம் ஆர்டருக்கு ஆர்டர் பணம் என்று நடப்பதே நல்லது.

'நம்ம ஊர்க்காரர், எழுத்து எதற்கு' என்ற பேச்சுதான் கரூருக்கும் கடல் கடந்த கடைகளுக்கும் இடையே அதிகம் கெடுத்திருக்கிறது. ஒரே ஊர் என்பதால் பேச்சு தொடங்குகிறது. ஷேடு மாறும்போது அந்த உறவே வாயடைக்கச் செய்கிறது. ஒரு பக்கத்தில் எழுதிய ஒப்பந்தம் உறவையும் சேர்த்துக் காக்கும்.

கன்டெய்னர் கணக்கில் பழகிய ஊருக்கு ஒற்றைப் பீஸ் அனுப்புவது மெனக்கெட்ட வேலையாகத் தோன்றலாம். ஆனால் லண்டனிலும் டொராண்டோவிலும் வீட்டு மேசையில் கடை நடத்தும் தமிழர்களுக்கு வேண்டியது அதுதான். ஒவ்வொரு யூனிட்டும் பத்தே டிசைனைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுதும் அதே ஷேடில் கையிருப்பு வைத்து, சரக்கு தீர்ந்தால் அன்றே சொல்லும் ஒரு ஆளை நியமித்துத் தொடங்க வேண்டும். அந்தப் பத்து டிசைனின் அளவு, ஜி.எஸ்.எம்., சுருக்கம், விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வெளியிடுங்கள்.