யாருடைய உள்ளூர்க் கடை?

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்கில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். இந்தக் கிறிஸ்துமசுக்குத் துணியோ கேக்கோ ஸ்டாரோ, எதுவானாலும் ஆன்லைனில் வாங்காதீர்கள், நம்மூர்க் கடைகளில் வாங்குங்கள் என்று வேண்டுகோள். கோயில் சுவரில் பதினோரு கடைகளின் பெயர் எழுதிய தாளும் ஒட்டியிருந்தது.

கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். பெரும் முதலாளிகளின் கையில் சில்லறை வணிகம் போவதை எதிர்க்கும் எவரும் இதை ஆதரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். பதினோரு கடையும் ஊர்த் தெருவில் இருப்பவை. காலனியிலிருந்து ஒன்றுகூட இல்லை. எங்கள் பங்கில் பாதிக்கு மேல் காலனி மக்கள்.

என் அம்மாவுக்கு இந்த 'உள்ளூர்க் கடை' வேறு மாதிரி நினைவில் இருக்கிறது. அவர் சிறுமியாக இருந்தபோது மளிகைக் கடைத் திண்ணைக்குக் கீழேதான் நிற்க வேண்டும். காசைக் கையில் கொடுக்கக் கூடாது, பலகையில் வைக்க வேண்டும். வெல்லமோ பருப்போ, மேலிருந்து பாவாடை மடியில் போடுவார்கள். கிறிஸ்துமசுக்குத் துணி எடுக்கப் போனால் தொட்டுப் பார்க்க முடியாது. கடைக்காரர் விரித்துக் காட்டுவதில் ஒன்றைக் கைகாட்ட வேண்டும், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் அவரைக் கள்ளக்குறிச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு சோப்பாக எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வாங்கவில்லை. வெளியே வந்து, "யாரும் ஒண்ணும் சொல்லலியேடா" என்றார்.

இது அந்தக் காலக் கதை என்று யாராவது சொல்வார்கள் என்று தெரியும். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்க வந்த தலித் பள்ளிக் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அதைக் காணொளியாக எடுத்துப் பரப்பவும் செய்தார்கள். அந்தக் காணொளி வெளியில் வந்ததால் கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள். அதுவும் 'உள்ளூர்ச் சிறு வணிகம்'தான். ஊரோடு ஒட்டி வாழும் கடை, ஊரின் சாதியோடும் ஒட்டித்தான் வாழ்கிறது.

அப்படியானால் ஆன்லைனே நமக்கு விடுதலையா? தோழர்கள் சிலர் அப்படிப் பேசுகிறார்கள். பில் போடும் இடத்தில் சாதி கேட்பதில்லை என்பது உண்மை, அதன் மதிப்பு என் அம்மாவைப் பார்த்த எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரிய கடைகளில் நாள் முழுக்க நிற்பது நம் பெண்கள். அவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. வாங்குகிறவரை மதிக்கும் கடை, வேலை செய்கிறவரை மதிக்கும் என்று பொருளல்ல.

இதற்கு நடுவில் காலனியிலும் கடைகள் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் விடியலில் கூட்டம் நெரியும் மாட்டுக்கறிக் கடை. ஒரே தையல் இயந்திரத்தோடு ஜாக்கெட்டும் பாவாடை சட்டையும் தைக்கும் அக்கா. முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் ஒரு வீடு. இவை ஏன் கடைத்தெருவுக்கு வரவில்லை? அங்கே இடம் கேட்டால் முதலில் 'எந்தத் தெரு' என்பார்கள். இடம் கிடைத்தாலும் முதல் வேண்டும். 2016இல் மைய அரசு தொடங்கிய ஸ்டேண்ட் அப் இந்தியா கடன், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கென வந்தது. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தலித் பட்டியல் சாதியே அல்ல. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள், நம்மை இன்னும் சேர்க்கவில்லை. கடைத்தெருவுக்கு நாம் பறையர், வங்கிக்கு நாம் கிறித்தவர்.

பண்டிகைக் காசின் பலத்தைக் கறுப்பின மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1963இல் அமெரிக்காவின் பர்மிங்காமில் ஈஸ்டர் நேரம் பார்த்து நகரத்துக் கடைகளைப் புறக்கணித்தார்கள். கிறிஸ்துமசுக்கு அடுத்தபடியாக அங்கே வியாபாரம் சூடாக இருக்கும் காலம் அது. மறியலும் சிறையும் கண்ட அந்தப் போராட்டத்தின் முடிவில் மே மாதம் ஏற்பட்ட உடன்பாட்டில், கடைகளில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் உரிமை இருந்தது. துணி போட்டுப் பார்க்கும் அறை இருந்தது. கறுப்பினத்தவரை விற்பனையாளராக எடுப்பதும் இருந்தது. எங்களுக்கு விற்றால் போதும் என்று அவர்கள் நிற்கவில்லை.

நம் ஊர்த் தெருக் கடைகளில் டிசம்பரில் விழும் காசில் கணிசமானது காலனியின் காசு. கரும்பு வெட்டியும், பெங்களூரில் கட்டட வேலை பார்த்தும் சேர்த்து வந்த காசு. அதைக் கொடுக்கும்போது கல்லாவுக்கு இந்தப் பக்கம் நம் பிள்ளை ஒருவர் உட்கார முடியுமா என்று கேட்கலாம். மூட்டை தூக்க மட்டும் நம்மைக் கூப்பிடும் கடையை 'நம்ம கடை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலிக்கு ஆளெடுக்கும்போதும் வாடகைக்கு இடம் விடும்போதும் சாதி பார்க்காத கடை ஊர்த் தெருவில் ஒன்று இருந்தாலும், முதலில் அங்கே போவேன்.

பங்குப் பேரவைச் செயலரிடம் போய்க் காலனிக் கடைகளையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். "அதெல்லாம் கடைன்னு சொல்ல முடியுமா தம்பி, போர்டுகூட இல்லையே" என்றார். பிறகு, "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிறு புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதே பதினோரு கடைகள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கீழே பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று எண் போட்டு மூன்று பெயர்களையும் எழுதிவிட்டு வந்தேன். இதை எழுதும் நேரம் வரை யாரும் கிழிக்கவில்லை. தையல் அக்கா இருபதாம் தேதிக்கு மேல் துணி வாங்க மாட்டார்.