அப்பாவோட பிரஸ்ஸுக்கு முதல்ல தேவை மெஷினா, ரீல்ஸா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து சென்னை, கோவை, பெங்களூருன்னு போய் சம்பளம் வாங்குற பலருக்கும் ஊரில் ஒரு குடும்பத் தொழில் இருக்கும். பூட்டுப் பட்டறை, சின்னாளபட்டி சேலைக் கடை, பிரியாணிக் கடை, இல்லன்னா ஒரு சின்ன பிரிண்டிங் பிரஸ். பிரஸ் வச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைகள் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "அப்பாவுக்குப் புது டிஜிட்டல் மெஷின் வாங்க என் பேர்ல பர்சனல் லோன் போடலாமா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். இப்போ வேண்டாம். முதலில் சோஷியல் மீடியா மூலமா ஆர்டர் வருதான்னு பாருங்க. வந்த பிறகு மெஷினைப் பற்றிப் பேசலாம். ஆனா அந்த சோஷியல் மீடியாவையும் கணக்கோடு செய்யணும்.

பிரச்சினை மெஷின் இல்லை, ஆர்டர்

சின்ன பிரஸ்களுக்கு வேலை ஏன் குறைஞ்சதுன்னு யோசிங்க. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோ அனுப்பிடுறாங்க. நேரில் போய் வைக்கிற சொந்தங்களுக்கு மட்டும் கார்டு அடிக்கிறாங்க. பில் புக் அடிச்ச கடைகள் பில்லிங் சாஃப்ட்வேருக்குப் போயாச்சு. ஃபிளெக்ஸ் எடுத்துக்கிட்டா, 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிரிழந்த பிறகு கெடுபிடி அதிகமாச்சு. 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனருக்கு நாடு முழுக்கத் தடை. போதாததுக்கு, மதுரையைத் தாண்டினா சிவகாசி. மொத்த ஆர்டரில் அவங்க விலையோடு நாம மோத முடியாது.

இதில் எதையாவது வேகமான மெஷின் சரிபண்ணுமா? பண்ணாது. இருக்கிற மெஷினே பாதி நாள் சும்மா நிக்கிற இடத்தில் இன்னொரு மெஷின் வந்தா, சும்மா நிக்கிற மெஷின் ரெண்டாகும். அதில் ஒண்ணுக்கு இஎம்ஐ வேற!

சிவகாசிக்காரங்க ஏற்கனவே செஞ்சதுதான்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவாங்க. ஏஜென்ட்கள் அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய், கடைக்காரர்கிட்ட மாடலைக் காட்டி, மார்கழிக்கு வேண்டியதை ஆவணியிலேயே ஆர்டர் பிடிப்பாங்க. அதாவது முதலில் மாடல், அப்புறம் ஆர்டர், கடைசியில்தான் அச்சு.

இன்ஸ்டாகிராம் பக்கமும் அந்த ஆல்பம்தான். தூக்கிக்கிட்டு அலையற ஆள் மட்டும் தேவையில்லை. அப்பாவுக்கு வேலை தெரியும். அது தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியலை. அதைச் சரிபண்ண உங்க ஃபோன் போதும்.

என்ன போடலாம்? "இனிய பொங்கல் வாழ்த்துகள்" போஸ்டர் ஆர்டர் கொண்டு வராது. ஃபாயில் ஒட்டுறது, டை கட்டிங், கார்டை மடிக்கிறது, இதையெல்லாம் காட்டுங்க. குறைந்தபட்சம் எத்தனை கார்டு, என்ன விலை, எத்தனை நாள்னு தெளிவாச் சொல்லுங்க. விலைக்கு "இன்பாக்ஸ் பண்ணுங்க"ன்னு சொன்னா பாதிப் பேர் அடுத்த ரீலுக்குப் போயிடுவாங்க. வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக், கூகுள் மேப் ரெண்டும் இலவசம். டெலிவரி கொடுத்த அன்றே ரிவ்யூ கேளுங்க.

கல்யாணத்தை மட்டும் நம்பாதீங்க. ஆடியிலும் மார்கழியிலும் பிரஸ் காலியாத்தான் இருக்கும். பிரியாணி பார்சல் பாக்ஸ், சின்னாளபட்டி சேலைப் பெட்டி, கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட் லேபிள் இதெல்லாம் முகூர்த்தம் பார்க்காத ஆர்டர்கள். நம்ம மாவட்டத்துக்குள்ளேயே இருக்கு.

ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் பத்திரிகையை வீடியோவில் காட்டும்போது அவங்க அனுமதி வாங்குங்க, வீட்டு முகவரி, ஃபோன் நம்பரை மறைச்சிடுங்க. எந்த வீடு எந்த நாள் பூட்டிக் கிடக்கும்னு ஊருக்கே சொல்ற காகிதம் அது.

இப்போ கணக்கு

புரியறதுக்காக ஒரு உதாரணம். ஒரு கல்யாண ஆர்டர் 300 கார்டு, கார்டு ரூ.20, மொத்தம் ரூ.6,000. அட்டை, மை, கூலி எல்லாம் ரூ.4,200. கையில் நிக்கிறது ரூ.1,800.

மாசம் ரூ.6,000-க்கு விளம்பரம் போடுறீங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்தா ரூ.7,080. இதை 1,800-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 4. அதாவது மாசம் 4 ஆர்டர் வந்தால்தான் விளம்பரக் காசு திரும்பும். 3 வந்தா ரூ.1,680 நஷ்டம். 8 வந்தா ரூ.7,320 லாபம். அதே வீட்டில் தாம்பூலப் பை, ஸ்டிக்கர் ஆர்டரும் கிடைச்சா இன்னும் நல்லது. எத்தனை லைக், எத்தனை ஃபாலோயர்ங்கிறது இந்தக் கணக்கில் எங்கேயுமே வரலை, கவனிச்சீங்களா?

இப்போ மெஷின். ரூ.10 லட்சம், 12% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் ரூ.22,240. அதே 1,800-ஆல் வகுத்தா மாசம் 13 ஆர்டர் புதுசா வேணும். ஆடியிலும் வேணும், மார்கழியிலும் வேணும். விளம்பரம் சரியா வரலைன்னா அடுத்த மாசமே நிறுத்திடலாம். இஎம்ஐயை அப்படி நிறுத்த முடியாது. அது உங்க சம்பளத்தில் போகும். நாளைக்கு உங்க ஹோம் லோன் தகுதியையும் அதுதான் குறைக்கும்.

மாட்டிக்கிற 3 இடங்கள்

முதலாவது, உங்க யுபிஐ. பக்கத்தை நீங்க நடத்துறீங்கன்னு உங்க க்யூஆர் கோடைப் போட்டுடாதீங்க. பிரஸ் பணம் உங்க சம்பளக் கணக்கில் விழுந்தா, அது யாரோட விற்பனைன்னு நாளைக்கு நீங்கதான் விளக்கணும். 2025 ஜூலையில் கர்நாடகாவில் யுபிஐ வரவை வச்சே சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பினது ஞாபகம் இருக்கும். அப்பா பேரில் பிரஸ்ஸுக்குன்னு தனி நடப்புக் கணக்கு, தனி க்யூஆர். இதில் இன்னொரு லாபமும் இருக்கு. உத்தேச வருமானத் திட்டத்தில் ரொக்க வரவுக்கு 8% லாபம் காட்டணும். வங்கி, டிஜிட்டல் வரவுக்கு 6% போதும்.

இரண்டாவது, வெளிமாநில ஆர்டர். பெரிய ஆளுங்களே கோட்டை விடுற இடம் இது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ரூ.40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனா ரீல் பார்த்து பெங்களூரில் இருந்து ஒருத்தர் கார்டு கேட்டு, நீங்க கூரியர் பண்ணினா, அது மாநிலம் தாண்டிய பொருள் விற்பனை. அதுக்கு விற்பனை எவ்வளவா இருந்தாலும் பதிவு கட்டாயம். பதிவு பண்ணிட்டா உள்ளூர் ஆர்டருக்கும் வரி போடணும். கார்டு மாதிரி அச்சுப் பொருட்களுக்கு 2021 அக்டோபர் முதல் 18%. ரூ.6,000 பில் ரூ.7,080 ஆகும். அட்டைக்குக் கட்டின வரியைக் கழிச்சுக்கலாம்தான். இருந்தாலும் பக்கத்துக் கடையைவிட விலை கூடும். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தா வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. அதனால விளம்பரத்தைத் திண்டுக்கல், மதுரை, தேனி, கரூர், திருச்சியோடு நிறுத்துங்க. வெளிமாநில ஆர்டர் நிறைய வந்தா, கணக்குப் போட்டுப் பார்த்து, பதிவு எடுத்துட்டு இறங்குங்க.

மூணாவது, பிரஸ்ஸை உங்க பேருக்கு மாத்துறது. தொழில் வருமானம் வந்துட்டா பழைய வரி முறை, புது வரி முறைன்னு வருஷா வருஷம் மாறுற வசதி போயிடும். கம்பெனியோட வேலை ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படிக்கணும். அப்பா முதலாளியாவே இருக்கட்டும். நீங்க உதவிக்கு நில்லுங்க.

எனக்குப் பிடிச்ச லாபம் வேற

புது ஆர்டரைவிடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு: அட்வான்ஸ். பழைய வாடிக்கையாளர் "அடுத்த வாரம் பார்க்கலாம்ணே"ன்னு சொல்லிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போவார். அந்த பாக்கியை அப்பா கேட்கவும் கூச்சப்படுவார். ஆன்லைனில் வர்றவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "50% அட்வான்ஸ், மீதி டெலிவரிக்கு முன்"னு பக்கத்திலேயே எழுதி வச்சா, பெரும்பாலும் மறுபேச்சு இல்லாம அனுப்பிடுவார். அட்டை வாங்க அப்பா கைக்காசு போட வேண்டியதில்லை. சின்ன பிரஸ்களில் பல லாபம் இல்லாம மூடுறதில்லை. பாக்கி வராம மூடுது.

"ஆர்டர் வந்து மெஷின் இல்லைன்னா?" நல்ல கேள்வி. சிவகாசியிலோ மதுரையிலோ ஜாப் வொர்க் கொடுங்க. லாபம் குறையும், ஆனா இஎம்ஐ கிடையாது. அப்படி வெளியே கொடுக்கிற கூலி, ஆடி, மார்கழி உட்பட ஒரு வருஷம் இஎம்ஐயைவிட அதிகமா இருந்தா, மெஷின் வாங்குற நேரம் வந்தாச்சு. அப்பவும் உங்க பேரில் பர்சனல் லோன் வேண்டாம். பிரஸ் பேரில் தொழில் கடன் எடுங்க, முத்ராவில் ரூ.10 லட்சம் வரை அடமானம் இல்லாமக் கேட்கலாம்.

இந்த மாசம் செய்ய வேண்டியது மூணே மூணு: அப்பா பேரில் தனி க்யூஆர், விலையோடு ஒரு கேட்லாக், ஒரு நோட்டு. ஒவ்வொரு ஆர்டருக்கும் "எப்படி வந்தீங்க?"ன்னு கேட்டு அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்க. மெஷின் வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு வருஷம் கழிச்சு அந்த நோட்டே சொல்லிடும்.