மலை வாய் திறக்கும் முன்

சென்ற திங்கள் இப்பகுதியில் நிலநடுக்கம் பற்றி எழுதியதைப் படித்த அன்பர் சிலர், எரிமலை பற்றியும் எழுதுமாறு கேட்டிருந்தனர். நம் பாரத நாட்டில் இன்னும் கனன்றுகொண்டிருக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான். அந்தமானில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவு அது. அங்கே மனிதவாசம் கிடையாது. நெடுங்காலம் உறங்கிக் கிடந்து 1991-ஆம் ஆண்டில் மீண்டும் கனன்றபோதும், வீடு வாசலை விட்டு ஓட வேண்டிய நிலை அத்தீவில் எவருக்கும் நேரவில்லை. ஆகவே எரிமலை என்பது நமக்குப் பாடப்புத்தகத்துச் சித்திரமாகவே இருந்து வருகிறது.

விந்தை யாதெனில், எரிமலையின் அடிவாரத்திலேயே குடியிருப்போருக்கும் அது பெரும்பாலும் அப்படித்தான். பாட்டனும் கண்டறியாத ஆபத்தைப் பேரன் எங்ஙனம் நம்புவான்?

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் என்றொரு பனிமலை உண்டு. 5,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். அதன் உச்சிப்பனிக்கு அடியில் நெருப்பு. 1985-ஆம் ஆண்டு அது புகைந்துகொண்டிருந்தபோது அறிஞர்கள் ஆராய்ந்து, எவ்வெவ்விடங்களுக்கு அபாயம் என்று வரைபடம் தயாரித்து அக்டோபர் மாதத்திலேயே வெளியிட்டனர். ஆர்மெரோ என்னும் ஊர் சேற்று வெள்ளத்தின் வழியில் இருப்பது அதில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தது. 1845-இல் பாய்ந்த சேற்றின் மீதே அவ்வூர் எழும்பியிருந்தது! நவம்பர் 13-ஆம் நாள் பிற்பகல் ஊரில் சாம்பல் பொழிந்தது. வீட்டிற்குள் அமைதியாக இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் மலை வெடித்தது. உருகிய பனியும் மண்ணும் பாறையும் ஒன்றாய்க் கலந்து ஆற்றின் வழியே இறங்கி, இரண்டரை மணி நேரத்திற்குள் ஊரை மூடின. மாண்டவர் ஏறத்தாழ 23,000 பேர். இரண்டரை மணி நேரம்! மேட்டு நிலத்திற்கு நடந்தே சென்றிருக்கலாம். அறிவு இருந்தது, அது வீட்டு வாசலை எட்டவில்லை.

இரயில்வேயில் விசாரணைச் சாளரத்தின் அருகே சில ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்று கூறத் துணிகிறேன். ‘வண்டி தாமதமாக வரக்கூடும்’ என்று கரும்பலகையில் எழுதினால், ‘வரக்கூடும்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவாறு பொருள் கொள்வர். விஞ்ஞானியோ அச்சொல்லை விட இயலாதவர். நிச்சயமில்லாததை நிச்சயம் என்று அவர் எப்படிச் சொல்வார்?

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர்களுள் பிரெஞ்சு நாட்டு எரிமலை ஆராய்ச்சியாளர்களான மோரிஸ் கிராஃப்ட், காத்யா கிராஃப்ட் என்னும் தம்பதியர் முக்கியமானவர்கள். கணவர் நிலவியலார், மனைவி புவி இரசாயனம் பயின்றவர். எங்கே மலை குமுறினாலும் அங்கே விரைந்து, நெருப்பின் அருகே நின்று படமெடுப்பதே அவர்கள் வாழ்வாயிருந்தது. ஆர்மெரோவின் அழிவு அவர்களை உலுக்கிவிட்டது. அதன்பின், எரிமலையின் அழகைக் காட்டுவதைவிட அதன் கொடுமையைக் காட்டுவதில் முனைந்தனர். கொதிசாம்பல் மேகம் மலைச்சரிவில் பாய்ந்து வருவது, சேற்று வெள்ளம் ஊரை விழுங்குவது, கூரைமேல் சாம்பல் குவிவது ஆகியவற்றை எழுத்தறியாதவரும் உணரும்படி ஒரு படமாகத் தொகுத்தனர். அச்சமூட்டும் படம்தான். அச்சமூட்டாமல் சொல்லிப் பார்த்த பலன் ஆர்மெரோவில் தெரிந்துவிட்டதன்றோ?

அப்படம் முற்றுப்பெறுமுன்பே அதன் பிரதி ஒன்று பிலிப்பைன்ஸ் சென்றது. அங்கே சுமார் ஐந்நூறு ஆண்டுகள் உறங்கிய பினாடூபோ மலை, 1991 ஏப்ரலில் விழித்தது. அந்நாட்டு எரிமலை நிலயத்தின் தலைவர் ரேமுண்டோ புனோங்பாயானும், அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ் நியூஹாலும், அவர்தம் குழுவினரும் நிலநடுக்கக் கருவிகளை நிறுவியதோடு நில்லாமல், அப்படத்தை அதிகாரிகளுக்கும் படைவீரர்களுக்கும் ஊர்மக்களுக்கும் போட்டுக் காட்டினர். நம் கைகாட்டி போன்று, ஒன்று முதல் ஐந்து வரை அபாயப் படிகளையும் வகுத்தனர். ஜூன் 5-இல் மூன்று, 7-இல் நான்கு, 9-இல் ஐந்து. மலைச்சரிவில் வாழ்ந்த ஆயிட்டா மக்கள் உட்படப் பதினாயிரக்கணக்கானோர் வெளியேறினர். 10-ஆம் நாள் கிளார்க் விமானத் தளத்திலிருந்து மட்டும் சுமார் 14,500 பேர் சென்றனர்.

ஜூன் 15-இல் பினாடூபோ வெடித்தது. இருபதாம் நூற்றாண்டில் அதனினும் பெரிய வெடிப்பு ஒன்றே. 1912-இல் அலாஸ்காவில் நிகழ்ந்தது அது. அன்றே புயலும் வந்து சேர்ந்தமையால், நனைந்த சாம்பலின் பளு தாங்காமல் கூரைகள் இடிந்து பலர் மாண்டனர். ஆயினும் முன்கூட்டி வெளியேறியதால் குறைந்தது 5,000 உயிர்கள் பிழைத்தன என்று பின்னர் மதிப்பிட்டனர்.

கிராஃப்ட் தம்பதியர் அவ்வேளையில் ஜப்பானில் உன்சென் மலைக்குச் சென்றிருந்தனர். கொதிசாம்பல் மேகத்தை இன்னும் அருகிலிருந்து படமெடுப்பதே நோக்கம். ஜூன் 3-ஆம் நாள் அம்மேகம் எதிர்பார்த்ததைவிட நெடுந்தூரம் பாய்ந்து, அவர்கள் உட்பட 43 பேரைப் பலிகொண்டது. காத்யாவுக்கு வயது 49, மோரிஸுக்கு 45. பினாடூபோ வெடித்தபோது அவர்கள் இறந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன.