ஸ்டென்ட்டுக்கு ரசீது உண்டு, சிஸ்டருக்கு?

போன வருஷம் சாத்தூரிலிருந்து அப்பா நாக்பூருக்கு வந்தது, பேத்தியோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போகத்தான். வந்த நாலாம் நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ, ஈசிஜி, கேத் லேப் என்று ஓடி, ஒரு ஸ்டென்ட் வைத்து, பதினோரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது" என்றார். நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு "கண்டம் தாண்டியாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

தாண்டவில்லை என்பது ராத்திரி பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகத்தான் போகிறார்கள். அப்பாவுக்கு அது சரிவராமல் தொடை ரத்தக்குழாய் வழியாகப் போயிருந்தார்கள். சாயங்காலம் அந்தக் குழாயை எடுத்ததும் ஒரு சிஸ்டர் இருபது நிமிஷம் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். காலை மடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி அப்பா "முதுகு கடுக்குதுப்பா, கடுக்குதுப்பா" என்று முனகியிருக்கிறார். வார்டு பாய்க்குத் தமிழ் தெரியாது. கட்டில் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நைட் டூட்டிக்கு வந்த சிஸ்டர் பாலக்காட்டுக்காரர். மலையாள வாடையோடு நல்ல தமிழ் பேசுவார். "அப்பா, எவிடெ... எங்கே வலிக்குது? இடுப்புக்கு மேலயா? எப்போலேர்ந்து?" என்று கேட்டார். தொடைக் கட்டைப் பார்த்தார், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். பாதத்தில் நாடி பார்த்தார். பிபி 84, நாடி 120. உடனே டூட்டி டாக்டருக்குப் போன். ரத்தம் உறையாமல் இருக்க ஓடிக்கொண்டிருந்த ஹெப்பாரின் நின்றது, ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே வராத ரத்தம் வயிற்றுக்குப் பின்பக்கம் கசிந்து தேங்கிக்கொண்டிருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். விடிவதற்குள் பிபி தேறியது.

இதையெல்லாம் அவர் செய்துகொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான், "எங்கப்பாவுக்கு இன்னும் கஞ்சி தரலை, இங்க யாருமே கவனிக்கிறதில்லை" என்று அதே சிஸ்டரிடம் கத்தியிருந்தேன். பேங்க்கில் தினமும் கஸ்டமரிடம் திட்டு வாங்குகிறவன் நான். எனக்கே புத்தி இல்லை, மற்றவர்களை என்ன சொல்வது.

என் கட்சி இதுதான். ஹார்ட் அட்டாக் வைத்தியம் என்றால் ஸ்டென்ட், ஸ்டென்ட் என்றால் டாக்டர் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு தப்பு. அடைப்பை எடுப்பது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் நாட்களில் ஆளைப் பிழைக்க வைப்பது நர்சிங். இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகப் போவது முதல் ஒன்றிரண்டு நாளில்தான் அதிகம் நடக்கும். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சிஸ்டர். எக்ஸ்ரே சாயம் கிட்னியைப் பாதித்திருக்கிறதா என்று மூத்திரத்தை அளந்து எழுதுவது அவர். மலச்சிக்கலில் முக்கி இதயத்துக்குச் சிரமம் வரக்கூடாது என்று கவனிப்பதும், முதல் நாள் கட்டிலில் உட்காரவைத்து, மறுநாள் பாத்ரூம் வரை நடக்கவைப்பதும் அவர்தான்.

சிசியு என்று ஒன்று உருவானதே இந்த நம்பிக்கையில்தான். 1962-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹியூஸ் டே என்ற டாக்டர் இதய நோயாளிகளுக்கென்றே தனி வார்டு திறந்தார். கொஞ்ச நாளில் பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற டாக்டரும் ரோஸ் பின்னியோ என்ற நர்சும் சேர்ந்து, டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் நர்சே துடிப்புக் கோளாறைக் கண்டுபிடித்து ஷாக் கொடுக்கலாம் என்று பயிற்சி கொடுத்தார்கள். மெஷின் வாங்கி வைத்தால் போதாது, அதன் பக்கத்தில் தெரிந்த ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த வார்டின் அடிப்படை.

இங்கே நிற்க ஆள் எங்கே? மூன்றாம் நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு படுக்கை, ஒரே சிஸ்டர். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி சாதாரண வார்டிலேயே ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். இது வெறும் வசதிக் கேள்வி இல்லை. 2002-ல் லிண்டா ஐக்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் ஆனவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தது. ஒரு நர்சின் தலையில் கூடுதலாக ஒரு நோயாளியைக் கட்டினால், முப்பது நாளுக்குள் சாவதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. எங்கள் வால்ட்டை ஒரே ஆள் திறக்க முடியாது, இரண்டு சாவி, இரண்டு ஆபீசர் வேண்டும். பணத்துக்கு இருக்கிற ஜாக்கிரதை இதுதான்.

"கட்டுப்படியாகாது சார்" என்பார்கள். சரி, நான் பி.காம்., கணக்குப் பார்ப்போம். எங்கள் பில்லில் நர்சிங் சார்ஜ் என்று ஒரு வரி, நாளைக்கு 800 ரூபாய். பன்னிரண்டு படுக்கைக்கு மாதம் 2,88,000. முக்கால்வாசிதான் நிரம்புகிறது என்றே வையுங்கள், 2,16,000. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், லீவுக்கு ஒருவர், ஆக நாலு பேர். பாலக்காட்டு சிஸ்டர் சொன்ன சம்பளம் 16,500. நாலு பேருக்கு 66,000. மீதி ஒன்றரை லட்சம் எங்கே போகிறது? மெஷின், கட்டடம், கரண்ட் என்றால் அதற்கெல்லாம் பில்லில் தனித்தனி வரி இருக்கிறதே! நர்சிங் என்று பெயர் போட்டு வாங்கிய பணம் நர்சிங்குக்குப் போக வேண்டாமா? எங்கள் பிராஞ்சில் ஒரு தலைப்பில் வசூலித்ததை இன்னொரு தலைப்பில் போட்டால் இன்ஸ்பெக்‌ஷனில் கிழித்துவிடுவார்கள்.

2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50-க்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரிகூட 20,000-க்குக் குறையக்கூடாது என்று குழு பரிந்துரைத்தது. போராடிப் போராடி 2018-ல் கேரளத்து நர்சுகள் அந்த 20,000-ஐ அரசாணையாக வாங்கினார்கள். அப்பா படுத்திருந்தது நூறு படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி. அங்கே 16,500. 2017-ல் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைக்க முடிந்ததே! அன்றைக்கு எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். ஸ்டென்ட்டுக்கு ஸ்டிக்கர் உண்டு, ஃபைலில் ஒட்டிக் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு "எங்கே வலிக்குது" என்று கேட்டதற்கு ஸ்டிக்கர் கிடையாது.

நம்மையும் சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கிற நாம் நல்ல ஆஸ்பத்திரியா என்று எப்படி விசாரிக்கிறோம்? டாக்டர் எங்கே படித்தவர், கேஷ்லெஸ் உண்டா, ஏசி ரூம் கிடைக்குமா. ராத்திரி ஷிப்டில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட் என்று ஒருவராவது கேட்டிருக்கிறோமா? தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்களைக் கூட்டி வந்து வைத்திருக்கிறோம். அவர்கள் வலியை யாரிடம், எந்த பாஷையில் சொல்வார்கள் என்று யோசித்திருக்கிறோமா? பாலக்காட்டுக்காரர் அன்று டூட்டியில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நான் லோன்கூடக் கொடுக்க மாட்டேன்.

டிஸ்சார்ஜ் கூத்து தனி. ஆங்கிலத்தில் ஒரு ஃபைல், ஏழு மாத்திரை. கவுண்டரில் இருந்த பையன் மராத்தி கலந்த இந்தியில் நாலு நிமிஷம் பேசி முடித்துவிட்டான். அந்த சிஸ்டர்தான் டூட்டி முடிந்து போகும்போது நின்றார். அவர் சொல்லச் சொல்ல என் மனைவி டெய்லி காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டாள். ஆஸ்பிரினும் கூட இன்னொன்றும், ரத்தம் கட்டாமல் இருக்க. இதய டாக்டரைக் கேட்காமல் யார் சொன்னாலும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் இந்த மாத்திரை, வலி நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஓவர்டைம் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து ஊரில் அப்பாவுக்குப் பல்வலி. பல் டாக்டர் "பிடுங்கணும், அந்த ரத்த மாத்திரையை ஒரு வாரம் நிறுத்துங்க" என்றிருக்கிறார். அப்பா சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு மதுரையில் இதய டாக்டரிடம் போனில் பேசி, மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கினார்.

ஆறாம் மாதம் செக்கப்புக்கு அப்பா மறுபடி நாக்பூர் வந்தார். கையில் சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, "பாலக்காட்டுப் பொண்ணுக்கு" என்று. வார்டில் கேட்டோம். வேலையை விட்டுவிட்டு அயர்லாந்து போய் மூன்று மாதம் ஆகிறதாம். அவர் இடத்தில் அன்றைக்கு யாரும் இல்லை, பக்கத்து வார்டு சிஸ்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தார். ஏதோ மருந்தைக் கேட்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் இந்தியில் "பார்மஸி கீழே இருக்கு" என்றார்.