கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

நோய்க்கிருமியை நுண்ணோக்கியில் கண்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கண்டது எந்த இனம் என்று அறியாதவரை வேலை பாதிதான் என்பது என் கருத்து.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் காப்பிட் என்றொரு பகுதி உண்டு. 1999-இல் அங்கு மலேரியா கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ‘பிளாஸ்மோடியம் மலேரியே’ என்றது நுண்ணோக்கி. ஆனால் நோயின் போக்கு வழக்கம்போல் இல்லை. பல்பீர் சிங் குழுவினர் 208 நோயாளிகளின் இரத்தத்தைப் பாலிமரேஸ் தொடர்வினை முறையில் ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டனர். 120 பேரிடம் இருந்தது ‘பிளாஸ்மோடியம் நோலெசி’ என்னும் குரங்கு மலேரியா! மலேரியே ஒருவரிடமும் இல்லை.

வளர்ந்த நிலையில் இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மலேரியே 72 மணிக்கு ஒருமுறை பெருகும். நோலெசியோ 24 மணிக்கு ஒருமுறை. சிகிச்சை தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒவ்வோர் இனத்தின் டி.என்.ஏ.விலும் அதற்கே உரிய பகுதி உண்டு. அப்பகுதியில் மட்டும் ஒட்டும் சிறு துண்டுகளையும் நொதியையும் சேர்த்து, மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்தால், சுற்றுக்குச் சுற்று அது இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். இனம் வேறானால் பெருக்கம் இல்லை.

“அப்படியானால் நுண்ணோக்கியைப் பரணில் போட்டுவிடலாமா?” என்று கேட்பீர்கள். கூடாது. மின்சாரம் இல்லாத ஊரிலும் சூரிய ஒளியில் அது வேலை செய்யும். கிருமிகளின் எண்ணிக்கையையும் சொல்லும். புதிய முறைக்கோ பொருட்செலவு அதிகம். அடுத்தவர் இரத்தத்தின் சிறு துளி கலந்தாலும் அதையும் கோடிக்கணக்கில் பெருக்கிப் பொய் சொல்லிவிடும். கருவி எதுவானாலும் கவனம் மனிதனுடையதே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான். அதில் இனம் பிரிப்பார் யாருமில்லை. அத்தகைய எளியவர்களின் இரத்தத்தைத்தான் நாளை நம்மில் பலர் சோதிக்கப் போகிறோம். எனவே ஆண்டுக்கு ஒருமுறையேனும், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இம்முறையை நாங்கள் நேரில் காண ஆசிரியப் பெருமக்கள் வழிசெய்ய வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல்: அறிக்கையில் இனப்பெயர் எழுதும்போது ஐயம் எழுந்தால், அந்த ஐயத்தையும் சேர்த்து எழுதுங்கள். காப்பிட்டில் உண்மை வெளிவந்தது ஐயத்தால்தான்.