ரேங்க் லிஸ்ட்டா, வாடகை லிஸ்ட்டா?

இணையத்தில் ஒரு பொருளைத் தேடினால் நாற்பது ஐம்பது வந்து வரிசையில் நிற்கின்றன. முதல் நாலைந்தைத் தாண்டிப் பார்க்க நமக்குப் பொறுமை ஏது? மேலே இருப்பதுதான் நல்லது என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே ரேங்க் பார்த்து வளர்ந்த பழக்கம்! ஆனால் நண்பர்களே, இது முழு ரேங்க் லிஸ்ட் இல்லை. பாதி ரேங்க் லிஸ்ட், பாதி வாடகை லிஸ்ட்.

எங்கள் சாமல்பட்டி இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்கும் மாம்பழக்கூழுக்கும் பேர் போனது. இங்கே ஒருவர் கூழை டின்னில் அடைத்து இணையத்தில் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பில் 'கிளிமூக்கு' என்று எழுதுகிறார். வாங்குகிறவர் 'தோத்தாபுரி' என்று தேடுகிறார். இரண்டும் ஒரே மாம்பழம்தான். அது இயந்திரத்துக்குத் தெரியாவிட்டால் அவர் டின் கண்ணிலேயே படாது. தலைப்பு சரியாக இருந்தாலும் விலை, படம், இருப்பு, டெலிவரி வேகம், இதுவரை விற்ற எண்ணிக்கை, விமர்சனங்கள் என்று பல கணக்குகள் உண்டு. அதிகம் விற்றது மேலே போகும், மேலே இருப்பது இன்னும் அதிகம் விற்கும். நேற்று கடை திறந்தவர் என்ன செய்வார்?

விளம்பரம் கொடுப்பார். அங்கேதான் வாடகை ஆரம்பம். ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு (எண்கள் என் கற்பனை): கிளிக்குக்கு ரூ.8, இருபது பேர் கிளிக் செய்தால் ஒருவர் வாங்குகிறார். ஆக ஒரு டின் விற்க விளம்பரச் செலவு மட்டும் ரூ.160! டின் விலையே ரூ.250 என்றால் இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஒன்று அவர் லாபத்திலிருந்து, இல்லாவிட்டால் நம் பாக்கெட்டிலிருந்து.

இது புதுக்கதை இல்லை. கூகிள் 2002-ல் 'ஃப்ரூகிள்' என்று பொருள் தேடலை ஆரம்பித்தபோது வியாபாரிகள் பட்டியலிடக் காசு கிடையாது. 2012-ல் அமெரிக்காவில் அதைக் கட்டணச் சேவையாக மாற்றினார்கள். 2020-ல் இலவசப் பட்டியலும் திரும்பி வந்தது, விளம்பரமும் கூடவே இருக்கிறது. இதற்கிடையில் 2017-ல், தன் பொருள் ஒப்பீட்டுச் சேவையை மேலே தூக்கிப் போட்டிக்காரர்களைக் கீழே தள்ளியதாக ஐரோப்பிய ஆணையம் கூகிளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? பல விற்பனையாளர்களை வைத்து நடத்தும் தளங்கள், பொருள்களையும் விற்பனையாளர்களையும் எந்த முக்கியக் காரணிகளை வைத்து வரிசைப்படுத்துகின்றன, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை எளிய மொழியில் எல்லோரும் பார்க்கும்படி விளக்க வேண்டும். விளம்பரத்தை விளம்பரம் மாதிரி தெரியாமல் ஒளித்து வைப்பதும் 2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டு நெறிகளின்படி தவறு.

என் கருத்து இதுதான்: அந்த 'எதற்கு எவ்வளவு' என்பதில்தான் உயிர் இருக்கிறது. காரணிகளை மட்டும் பட்டியல் போட்டுவிட்டு ஒதுங்கினால், பாடத்திட்டத்தைக் கொடுத்துவிட்டு எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்லாத மாதிரி.

சூத்திரத்தைச் சொன்னால் ஏமாற்றுக்காரர்கள் புகுந்து விளையாடுவார்கள் என்று ஒரு வாதம் வரும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. போலி விமர்சனம் எழுதுவதே தொழிலாக நடக்கும் காலம் இது. ஆனால் ப்ளூபிரிண்ட் கொடுப்பதும் கேள்வித்தாளை லீக் செய்வதும் ஒன்றா? முழுச் சூத்திரம் வேண்டாம். டெலிவரி வேகம் பெரிதா, விலை பெரிதா, விளம்பரப் பணம் எத்தனை இடங்களைப் பிடிக்கிறது, இவ்வளவு போதும். அதையும் தமிழில் சொல்லட்டும். தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்தவர்களுக்கு விதியைத் தமிழில் எழுத முடியாதா என்ன?

பஜாரில் முனைக்கடைக்கு வாடகை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் நாலு கடை தள்ளிப் போய் விலை கேட்கிறோம். இணையக் கடையிலும் அது தெரிய வேண்டும். அதுவரை, 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பாருங்கள். நம்மூர் டின் ஒன்று அங்கே நின்று கொண்டிருக்கலாம் :)